நாடி பிடிக்காமல் வைத்தியம்: கல்லனின் கடிதக் கட்டுகளை வாசித்த அனுபவம்

வில்லியம் கல்லன், 1710-இல் பிறந்து 1790-இல் மறைந்த ஸ்காட்லாந்து மருத்துவர். கிளாஸ்கோவிலும் பிறகு எடின்பரோவிலும் பேராசிரியராக இருந்தவர். செடிகொடிகளை வகைப்படுத்துவது போல நோய்களை வகுப்பு, இனம் என்று பிரித்து 1769-இல் வெளியிட்டவர். மருத்துவ வரலாற்றில் அவருக்கு இடம் கிடைத்தது இதற்காகத்தான். என்னை இழுத்துப் பிடித்ததோ அவருக்கு வந்த தபால். நேரில் வர முடியாத நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்ட உள்ளூர் வைத்தியர்களும் எழுதிய கடிதங்கள், அவற்றுக்கு அவர் அனுப்பிய பதில்கள் என்று 5,000-க்கும் மேல் பிழைத்திருக்கின்றன. எடின்பரோ ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸின் காப்பகத்தில் உள்ள இவற்றைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் குழு ஒன்று படமெடுத்து, ஒவ்வொன்றையும் அச்செழுத்தில் பெயர்த்து, யார் வேண்டுமானாலும் வாசிக்கும்படி வைத்திருக்கிறது.

முதலில் பெயர்ப்பை மட்டும் வாசித்தேன். வேகமாக ஓடியது, ஆனால் எதுவும் மனதில் தங்கவில்லை. பிறகு முறையை மாற்றி, பெயர்ப்பை மூடிவிட்டு மூலப் படத்தைப் பெரிதாக்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். அன்றைய கையெழுத்தில் சொல்லின் நடுவே வரும் 'எஸ்' நீளமாக இழுத்திருக்கும். பார்த்தால் 'எஃப்' மாதிரி தெரியும். அது பழக நாளாகும். பழகிய பிறகு எழுதியவரின் பதற்றம்கூடக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். மேலே நிதானமாகத் தொடங்கும் எழுத்து, கீழே வரவர நெருங்கிச் சிறுத்து ஓரத்தில் ஏறும்.

அந்த நெருக்கலுக்குத் தபால் கட்டணமும் ஒரு காரணம். தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் வைத்துத்தான் அன்று கட்டணம் போட்டார்கள். எல்லாத் தூரத்துக்கும் ஒரே பென்னி என்ற ஏற்பாடு பிரிட்டனில் 1840-இல்தான் வந்தது. உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு. அதனால் கடிதத்தையே மடித்து அரக்கு வைத்து முத்திரையிட்டு, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதி அனுப்பிவிடுவார்கள். பிரிக்கும்போது அரக்கோடு சேர்ந்து காகிதமும் கிழிந்து வரும். அந்தக் காலக் கடிதங்களில் சில சொற்கள் குறைந்திருந்தால், பெரும்பாலும் அந்தக் கிழிசல்தான் காரணம்.

அனுப்பிய கடிதங்கள் நோயாளிகளிடம் போய்விட்டனவே, பதில்கள் எப்படிக் கல்லனிடம் தங்கின என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை. ஆரம்பத்தில் எழுத்தர் ஒருவரை வைத்து ஒவ்வொரு பதிலையும் நகலெடுத்து வைத்திருக்கிறார். 1781 முதல் ஓர் இயந்திரம் அந்த வேலையைச் செய்திருக்கிறது. நீராவி இயந்திரத்தால் நாம் அறிந்த ஜேம்ஸ் வாட், 1780-இல் காப்புரிமை பெற்ற நகல் இயந்திரம் அது. தனி மையில் எழுதிய கடிதத்தின் மேல் ஈரமாக்கிய மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் மை அதில் ஏறும். எழுத்து தலைகீழாக, கண்ணாடியில் தெரிவது போல விழுந்திருக்கும்; தாள் மெல்லியது என்பதால் மறுபக்கம் திருப்பினால் நேராகப் படிக்கலாம். இந்த நகல்களைப் படிப்பதுதான் இருப்பதிலேயே கடினம். ஆனாலும் கேள்வியும் பதிலும் சேர்ந்து கிடைப்பது அவற்றால்தான். ஒரு மருத்துவர் என்ன கேட்டறிந்தார், அதற்கு என்ன சொன்னார் என்பதை இரு பக்கமும் பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்?

மருந்துச் சீட்டு வந்தால் இன்னொரு தடை. அது லத்தீனில் இருக்கும், அளவுகள் குறிகளில் இருக்கும். டிராம் என்ற அளவின் குறி, வால் நீண்ட மூன்று போல இருக்கும். அதன் தலையில் இன்னொரு கொக்கி சேர்ந்தால் அவுன்ஸ். ஒரு அவுன்ஸ் என்பது எட்டு டிராம். அந்தச் சின்னக் கொக்கி மங்கியிருந்தால் மருந்து எட்டில் ஒரு பங்காகிவிடும், ஏதோ ஒரு கீறல் கொக்கியாகத் தெரிந்தால் எட்டு மடங்கு ஏறிவிடும். வண்டியில் குலுங்கி, மழையில் நனைந்து, பல கை மாறி வந்த சீட்டைப் பார்த்து மருந்து கலந்தவரின் பொறுப்பை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

நோயாளியைப் பார்க்காமல் எப்படி வைத்தியம் சொன்னார்கள் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருத்துவருக்கு மட்டும் என்ன பெரிதாகத் தெரிந்திருக்கும்? ஸ்டெதஸ்கோப்பை லென்னெக் கண்டுபிடித்தது 1816-இல். கைக்கடக்கமான காய்ச்சல் மானி 1860-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. நாடி, நாக்கு, மலம், சிறுநீர், முகத்தின் நிறம், இவற்றோடு நோயாளி சொல்லும் கதை. இதில் கதைதான் முக்கால்வாசி. மீதியையும் கூர்ந்து கவனிப்பவர் எழுதி அனுப்பிவிட முடியும். ஆக, கடிதத்தில் இழந்தது நாம் நினைப்பதைவிடக் குறைவு. பெற்றது அதிகம் என்றுகூடச் சொல்வேன். நேரில் போனால் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வருவோம். எழுத உட்கார்ந்தால் எது முதலில் வந்தது, எதற்குப் பிறகு எது, என்ன செய்தால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று வரிசைப்படுத்தியே ஆகவேண்டும்.

பதில் வருவதற்குள் நோய் முற்றியிருக்கலாம், தணிந்தும் இருக்கலாம். அதை மனதில் வைத்து எழுதும் மருத்துவர், இப்படி ஆனால் இதைச் செய்யுங்கள், ஆகாவிட்டால் அதை நிறுத்திவிட்டு இதைத் தொடருங்கள் என்று கிளை பிரித்து எழுதுவார். மருந்தைவிட, என்ன உண்பது, எவ்வளவு உறங்குவது, குதிரை ஏறி எவ்வளவு தூரம் போவது என்பதே நீளும்.

இந்தக் கடிதங்கள் எல்லாம் குணமாக்கின என்று நான் நம்பவில்லை. ரத்தம் வடிப்பதும், வாந்திக்குக் கொடுப்பதும், பாதரசமும் எத்தனையோ பேரை மேலும் வாட்டியிருக்கும். அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் லண்டனில் மூச்சுத்திணறலோடும் உடலில் நீர் கோத்த வீக்கத்தோடும் கிடந்தார். அவருக்காக நண்பர் பாஸ்வெல் 1784 மார்ச்சில் எடின்பரோவின் பெரிய மருத்துவர்கள் மூவருக்கு எழுதினார். கல்லனும் அதில் ஒருவர். மரியாதையும் அக்கறையும் நிறைந்த பதில்கள் வந்தன. டிசம்பரில் ஜான்சன் இறந்துபோனார். அத்தகைய வீக்கத்துக்கு டிஜிட்டாலிஸ் செடியின் இலை உதவுவதைத் தம் நோயாளிகளின் விவரங்களோடு வில்லியம் விதரிங் அச்சிட்டது அடுத்த ஆண்டு, 1785-இல். இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று மேற்கொண்டு எதையும் படிக்க மனம் வரவில்லை.

கல்லனைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் டிசோவிடம் போனேன். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த மருத்துவர் அவர். ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து அவருக்கு வந்த கடிதங்களும் 1,000-க்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. பொதுமக்களுக்காக 1761-இல் எழுதிய மருத்துவ நூலில், வைத்தியரிடம் கேட்பதற்கு முன் என்னென்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று ஒரு கேள்விப் பட்டியலே கொடுத்திருக்கிறார். வயது என்ன, இதற்கு முன் ஆரோக்கியமாக இருந்தாரா, எப்படிப்பட்ட வாழ்க்கை, எத்தனை நாளாக நோய், எப்படித் தொடங்கியது, தூக்கம் எப்படி, பசி எப்படி, தாகம் உண்டா என்று போகும். படிக்காதவரும் பதில் சொல்லக்கூடிய எளிய கேள்விகள்.

அந்தச் சமயத்தில் என் அம்மாவுக்கு அடிக்கடி தலைசுற்றல். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், ரத்தப் பரிசோதனை செய்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், போனபாடில்லை. தூரத்தில் இருந்த ஒரு நிபுணர், முழு விவரத்தையும் முதலில் எழுதி அனுப்பச் சொன்னார். டிசோவின் கேள்விகளை வைத்துக்கொண்டு அம்மாவோடு உட்கார்ந்தேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் டக்கென்று பதில் வந்தது. "எப்படிம்மா ஆரம்பிக்குது?" என்றதும் யோசித்தார். "படுத்துக்கிட்டு வலப்பக்கம் புரளும்போதுதான். ரூமே சுத்தும். கொஞ்ச நேரத்துல நின்னுடும். உட்கார்ந்திருந்தா ஒண்ணும் இல்ல" என்றார். இத்தனை நாளும் "தலைசுத்துது" என்று மட்டுமே சொல்லிவந்தவர். யாரும் மேலே கேட்கவில்லை, நான் உட்பட. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதினேன். எவ்வளவு நேரம் நீடிக்கிறது, காது இரைச்சல் உண்டா, காது மந்தமா, வாந்தி வருகிறதா என்பதையும் சேர்த்தேன்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார் நிபுணர். உட்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால், தலையைத் திருப்பும்போது இப்படிச் சுற்றும் என்று விளக்கினார். உறுதிசெய்ய நேரில் வரவேண்டும் என்றார். போனோம். அம்மாவின் தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்களைப் பார்த்தார்; கருவிழிகள் துடித்தன. அங்கேயே தலையை நிலை நிலையாகத் திருப்பி, துகள்கள் பழைய இடத்துக்குத் திரும்பும்படி செய்தார். ஊசி இல்லை, புது மாத்திரையும் இல்லை. மறுபடி வந்தால் என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். எந்தப் பக்கம் புரளும்போது வருகிறது என்பதை முதல் வரியிலேயே எழுதி அனுப்பச் சொன்னார்.