திருவதிகையில தம்பிக்காக வேண்டிக்கிட்டது நிறைவேறிச்சு

தம்பி வயித்துவலியோட ஆஸ்பத்திரில கிடந்தப்போ, குணமானா திருவதிகைக்கு கூட்டிட்டு வர்றேன் சாமின்னு வேண்டிக்கிட்டது நான்தான். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு அவன் சாதம் சாப்பிட ஆரம்பிச்சதும் எப்போ போறோம் எப்போ போறோம்னு அம்மா நச்சரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. வயித்துவலின்னா அதிகைதானே, தேவாரம் பாடின அப்பர் சுவாமிக்கே சூலைங்கற வயித்துவலி தீர்ந்த இடம். ஒரு பிரதோஷத்தன்னிக்கு அம்மா, பெரியப்பா, அத்தை எல்லாரோடயும் வேன்ல, திருவதிகை இருக்கிற பண்ருட்டிக்கு கிளம்பினோம்.

வழியெல்லாம் பெரியப்பாவுக்கும் தம்பிக்கும் வாக்குவாதம். தம்பி போன்ல, யாருக்கும் நாங்க அடிமையில்ல, எமனுக்கும் பயப்பட மாட்டோம்னு அப்பர் பாடின "நாமார்க்கும் குடியல்லோம் நமனை யஞ்சோம்" போட்டான், பெரியப்பா கவர்மென்ட்ல ரிட்டையர் ஆனவர், அதெல்லாம் பாட்டுக்கு சரிடா, ஆளுறவன் சொன்னா கேக்கணும், "திருவுடை மன்னரைக் காணில் திருமாலைக் கண்டேனே"ன்னு, ராஜாவைப் பாத்தா பெருமாளையே பாத்த மாதிரின்னு திருவாய்மொழில நம்மாழ்வாரே பாடியிருக்காருன்னார். அத்தை பொறந்த வீடு வைஷ்ணவ வீடு, திருவாய்மொழி மனப்பாடம். விடுவாங்களா? "அண்ணா, அது பெருமாள் மேல பித்துப் பிடிச்ச பொண்ணைப் பத்தி அம்மாக்காரி பாடுறது. அந்தப் பொண்ணு மண்ணைத் தொட்டு வாமனன் மண்ணுங்கறா, தீயைத் தழுவி அச்சுதன்ங்கறா, கன்னுக்குட்டியைக் கட்டிக்கிட்டு கோவிந்தன் மேய்ச்சதுங்கறா. எதைப் பாத்தாலும் அவளுக்கு அவன்தான். ராஜா சொன்னதை கேளுன்னு அதுல எங்க இருக்கு?"ன்னாங்க. பெரியப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சரி, சமணத்தை விட்டு சைவத்துக்கு வந்துட்டார்னு பல்லவ ராஜா அப்பரைப் பிடிக்க ஆள் அனுப்பினானே, அந்த மந்திரிங்க வந்து கூப்பிட்டப்போ அப்பர் கடைசில போனாரா இல்லையா?"ன்னார்.

போனார்தான். ஆனா எப்படி போனார்னு பெரியபுராணத்துல சேக்கிழார் சொல்லியிருக்காரே. படையோட வந்து ராஜா ஆணைன்னு சொன்னப்போ அந்த "நாமார்க்கும்" பாட்டைத்தான் பாடினார், நகரல. அப்புறம் மந்திரிங்க விழுந்து கும்பிட்டு கெஞ்சினதும்தான், வர்றதுக்கெல்லாம் எம்பிரான் இருக்கான்னு சொல்லிட்டு கூட நடந்தார். ஆணை அவரை அசைக்கல, கும்பிட்ட கை அசைச்சுது, எனக்கு அப்படித்தான் படுது. அதுக்கப்புறம் 7 நாள் நீத்தறைங்கற சுண்ணாம்புக் காளவாய்ல அடைச்சாங்க, விஷம் கொடுத்தாங்க, யானையை ஏவினாங்க, கல்லைக் கட்டி கடல்ல போட்டாங்க, எதுக்கும் அவர் எதிர்த்து கை ஓங்கல, ஓடி ஒளியவும் இல்ல.

கோயில்ல நல்ல கூட்டம். வழியில ஒரு இடத்துல வண்டி நிறுத்தினதுக்கே ஒரு ஆள் வந்து இஷ்டத்துக்கு காசு கேட்டான், ரசீது கேட்டா முறைக்கிறான், அம்மாவுக்கு முட்டிவலி, வெயில் வேற, எனக்கு ஆத்திரமா வந்துச்சு. வரிசைல பின்னாடி இருந்து தள்ளுறவங்களுக்கு வயசானவங்க நிக்கிறது கண்ணுக்கே தெரியாது போல.

உள்ள போனதும் எல்லாம் போச்சு. வீரட்டானேஸ்வரர் எவ்வளவு பெரிய லிங்கம்! பதினாறு பட்டையா இருக்கும், கற்பூரம் காட்டினப்போ அந்த வெளிச்சம் ஒவ்வொரு பட்டையா ஏறி இறங்குச்சு, தம்பி கண்ணை மூடாம பாத்துட்டே நின்னான், வயித்துல கை வச்சிருந்தான். சூலை தீர அப்பர் இங்க பாடின "கூற்றாயினவாறு" பாட ஆரம்பிச்சேன், ரெண்டாவது வரி வரல எனக்கு, தொண்டை அடைச்சுக்கிச்சு, அத்தைதான் எடுத்து பாடினாங்க. ஐயனே, எங்க பிள்ளையை திருப்பிக் கொடுத்தியே!

அப்பரோட அக்கா திலகவதியார் சந்நிதில ரொம்ப நேரம் நின்னேன். அந்த அம்மாவுக்கு நிச்சயம் பண்ணியிருந்த கலிப்பகையார் ராஜாவுக்காக சண்டைக்குப் போய் அங்கேயே உயிரை விட்டவர். தானும் போயிடணும்னு நினைச்சவங்க, தம்பிக்காக உசிரை வச்சிருந்தாங்க. ஒரு ராஜாவுக்காக அவரைக் கொடுத்த அதே வீட்டுல, அந்தத் தம்பியைத்தான் இன்னொரு நாள் ராஜா சுண்ணாம்புக் காளவாய்ல அடைச்சான். பெரியப்பாகிட்ட இதைச் சொன்னேன். அவர் அந்த அம்மாவை விழுந்து கும்பிட்டார்.

அந்த ராஜா பின்னாடி சைவனாகி இங்கயே குணபரவீச்சரம்னு ஒரு சிவன் கோயில் கட்டினான், குணபரன்ங்கிறது மகேந்திரவர்மன் பட்டப்பேரு, 7ஆம் நூற்றாண்டு. பாடலிபுத்திரத்துல, அதாவது இப்போ இருக்கிற திருப்பாதிரிப்புலியூர்ல இருந்த சமணப் பள்ளிகளை இடிச்ச கல்லாலதான் கட்டினான்னு பெரியபுராணமே சொல்லுது. அது எனக்கு மனசுக்கு உறுத்தல்தான். சாமி கும்பிடுறவங்களை அதிகாரம் வச்சு மிரட்டுறது யார் பண்ணாலும் ஒண்ணுதானே, நம்ம பக்கம் வந்துட்டான்னா மட்டும் சரியாயிடுமா?

அங்கிருந்து கடலூர் போய் திருப்பாதிரிப்புலியூர்ல பாடலீஸ்வரரையும் சேவிச்சோம், அப்பர் கல்லோட மிதந்து வந்து கரையேறின ஊராச்சே. சித்திரை அனுஷத்துல கரையேறின விழா நடக்கும், அதுக்கும் வர்றேன்னு அம்மா அங்கயே வேண்டிக்கிட்டாங்க, வேனை நானே பேசுறேன்னு பெரியப்பா சொல்லிட்டார்.