கொப்பியில் எழுதிய அளவுகள்: வடிவமைப்பு மென்பொருளை மாற்றிய அனுபவம்

கல்லடியில் எங்கள் வீட்டின் பின்பக்கம், கிணற்றடியோடு இறக்கிய தகரப் பத்திதான் என் பட்டறை. பழைய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றும், சுழலும் கருவியால் உலோகத்தை வெட்டும், நானே பூட்டிய மூன்று அச்சுச் சிறு மில்லிங் இயந்திரம் ஒன்றும் அங்கே இருக்கின்றன. கடற்காற்றில் இரும்பு ஒரே இரவில் துரு பிடித்துவிடும் என்பதால் வேலை முடிந்ததும் எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசி, பழைய சேலைத் துணியால் மூடிவிடுவேன். பகலில் அலுவலக வேலை பார்க்கும் எனக்கு மாலை நேரத்து மனநிறைவு இந்தப் பத்திக்குள்தான் கிடைக்கிறது. செய்வதை விற்பதில்லை. சிறு நீராவி இயந்திர மாதிரிகள், அயலவரின் தண்ணீர்ப் பம்புக்கு ஒரு புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்), தெரிந்தவர் கேட்டால் ஒரு பற்சக்கரம் என்று வேலை போகும்.

மில்லிங் இயந்திரத்தை, ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற நிரல் கட்டுப்படுத்துகிறது. அது ஜி-கோட் எனப்படும் கட்டளை வரிகளை மட்டுமே வாசிக்கும். ஆகவே பாகத்தை வரைவதற்கும், வரைந்ததை வெட்டும் பாதையாக மாற்றுவதற்கும் ஒரு மென்பொருள் வேண்டும். 2017 முதல் நான் பயன்படுத்தியது ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் பியூஷன் 360. இந்த இரண்டு வேலைகளையும் ஒரே இடத்தில் செய்யக்கூடியதாகவும், பொழுதுபோக்குப் பயனருக்கு இலவசமாகவும் இருந்த அதில்தான் நான் இந்தக் கலையைக் கற்றேன் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

2020 செப்டெம்பரில் இலவச உரிமத்தின் நிபந்தனைகள் மாறப்போவதாக அறிவிப்பு வந்தது. எத்தனை வடிவங்களை வேண்டுமானாலும் சேமித்து வைக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய நிலையில் 10 கோப்புகள் மட்டுமே இருக்கலாம். ஏனையவை பார்க்க மட்டும் திறக்கும். வரைபடத்தில் ஒரு தாள் மட்டுமே கிடைக்கும், அதையும் அச்சிட மட்டுமே முடியும். வெட்டும் கருவியைத் தானாக மாற்றும் கட்டளையும், வெட்டாமல் காற்றில் நகரும்போது வேகமாகச் செல்லும் ஜி0 கட்டளையும் இலவச உரிமத்தில் இல்லை. வேறு மென்பொருள்களுக்குக் கோப்பைக் கொண்டுசெல்ல உதவும் ஸ்டெப் வடிவத்தையும் முதலில் நீக்குவதாகத்தான் அறிவித்தார்கள்; பயனர்கள் உலகெங்கும் குரல் எழுப்பிய பின் அதை மட்டும் விட்டுவைத்தார்கள். பெரும்பாலான மாற்றங்கள் அவ்வாண்டு ஒக்டோபரிலும் 10 கோப்பு எல்லை 2021 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்தன.

தாம் உருவாக்கிய பொருளுக்கு விலை வைக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதில் எனக்கு மாறுபாடு இல்லை. நிரந்தர உரிமத்தை ஒரு தடவை காசு கொடுத்து வாங்கும் முறையை அந்த நிறுவனம் 2016 இலேயே நிறுத்திச் சந்தாவுக்கு மாறியிருந்தது. அதை அறிந்திருந்தும், என் வேலை முழுவதையும் பிறர் நிபந்தனையின் மேல் வைத்திருக்கிறேன் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

10 கோப்பு எல்லை என்னைப் பெரிதாகத் தொடவில்லை. ஒன்றை மூடி ஒன்றைத் திறந்து ஒரு மாதத்தில் பழகிவிட்டேன். ஜி0 இல்லாததன் பொருள்தான் மெல்ல மெல்ல விளங்கியது.

கல்முனைக்கு வடக்கே மருதமுனையில் கைத்தறி வைத்திருக்கும் காக்கா ஒருவர், தன் தறியில் நெய்த துணியைச் சுற்றிக்கொள்ளும் உருளையின் பற்சக்கரம் தேய்ந்துவிட்டது என்று பழையதை ஒரு பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்து தந்தார். சாய்ந்த பற்கள் 48. நெசவாளி துணியை இழுத்துவிடும்போது ஒரு சிறு கொக்கி ஒவ்வொரு பல்லாக விழுந்து உருளை பின்வாங்காமல் பிடிக்கும். பல் தேய்ந்ததால் கொக்கி வழுக்கி, துணியில் இழை நெருக்கம் இடத்துக்கிடம் மாறியிருந்தது. அவர் கொண்டுவந்திருந்த சாரன் துணியை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தபோது, குறுக்கே ஐதான பட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. 8 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில் புதிய சக்கரம் வெட்டித் தருகிறேன் என்றேன்.

என் இயந்திரம் மெல்லியது. ஒரு தரத்தில் 1 மில்லிமீற்றருக்கு மேல் ஆழமாக வெட்டினால் அதிரும். ஆகவே ஒவ்வொரு பல்லின் பள்ளமும் 8 படிகளில் இறங்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் கருவி மேலே எழுந்து, நகர்ந்து, மீண்டும் இறங்க ஏறத்தாழ 36 மில்லிமீற்றர் காற்றில் பயணிக்கும். 48 பற்களுக்கும் கூட்டிப் பார்த்தால் வெறுங்காற்றில் மட்டும் 14 மீற்றர் அளவு. ஜி0 இருந்தால் என் இயந்திரம் அதை நிமிடத்துக்கு 2000 மில்லிமீற்றர் வேகத்தில், 7 நிமிடத்தில் முடிக்கும். இலவச உரிமம் எழுதிய கோப்பிலோ காற்றில் நகர்வதும் வெட்டும் வேகமான 300 இலேயே நடந்தது. அதாவது 46 நிமிடத்துக்கு மேல். கோப்பின் தலைப்பிலேயே இந்த வேகக் குறைப்பைப் பற்றிய குறிப்பும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

சாதாரண காலமாக இருந்திருந்தால் 40 நிமிடத்தைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டேன். அது 2022 மார்ச். நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்துண்டிப்பு நடந்த மாதம். கரண்ட் இருக்கும் இடைவெளிக்குள் தொடங்கிய வேலையை முடித்தாக வேண்டும். நடுவில் போனால் இயந்திரம் தன் இருப்பிடத்தை மறந்துவிடும், அளவுகள் தொடங்கும் பூச்சியப் புள்ளியை மீண்டும் பிடிப்பது தலைமுடி அளவு பிசகினாலும் பல் கெட்டுவிடும். 41 ஆவது பல்லில் கருவி காற்றில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. இருட்டில் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, ஏழு பல் குறைந்த அந்தச் சக்கரத்தைப் பார்த்து நின்றதை நான் மறக்கவில்லை. அந்தத் தகடு வீணானது. அக்காலத்தில் அலுமினியத் தகடு கிடைப்பதே பெரும்பாடு.

காசு கட்டிச் சந்தா எடுப்போமா என்று உண்மையாகவே கணக்குப் பார்த்தேன். 2018 முதல் ஆண்டுச் சந்தா 495 டொலர். டொலர் 200 ரூபா அளவில் நின்றபோது அது 99,000 ரூபா. அந்த மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்ட பின் மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. அதே 495 டொலர் அப்போது 178,200 ரூபா. மென்பொருளின் விலை ஒரு சதமும் கூடாமலேயே எங்களுக்கு ஏறத்தாழ எண்பதாயிரம் ரூபா கூடியது. 2024 இல் சந்தா 680 டொலர் ஆனபோது, 300 ரூபாப்படி பார்த்தாலும் இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. வருமானம் ஈட்டும் பட்டறைக்கு அது செலவுக் கணக்கில் போகும். மாலை நேரத்து விருப்பத்துக்கு, அதுவும் பிள்ளைகள் படிக்கும் வீட்டில், நான் அதை நியாயப்படுத்த முடியாது. ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பார்க்கலாம் என்று முயன்றபோது வங்கி அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவை ஏற்கவில்லை.

மாற்று வழிகளையும் பார்த்தேன். சொலிட்வேர்க்ஸ் 2021 இல் பொழுதுபோக்குப் பயனர்களுக்கென ஆண்டுக்கு 99 டொலரில் மேக்கர்ஸ் உரிமத்தைக் கொண்டுவந்திருந்தது. நல்ல கருவிதான், ஆனால் அதிலும் டொலர், அதிலும் ஆண்டுதோறும் புதுப்பிப்பு, அதோடு அதில் வரைந்த கோப்பை வர்த்தக உரிமத்தில் திறக்க முடியாது. ஒன்ஷேப் உலாவியிலேயே ஓடும், இலவசமும் உண்டு. இலவசத்தில் வரைவதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். அதை நான் குறையாக எண்ணவில்லை, ஆனால் கைபேசி டேட்டாவில் வேலை செய்யும் எனக்கு எந்நேரமும் இணைய இணைப்பு வேண்டும் என்பது ஒத்துவரவில்லை. கடைசியில் ஃப்ரீகேட்டுக்கு வந்தேன். 2002 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் திறந்த மூல மென்பொருள் அது. கணினியிலேயே இருக்கும், யாரிடமும் உள்நுழைய வேண்டியதில்லை.

வெளியேறும் வேலையை ஒரு போயா விடுமுறையில் தொடங்கினேன். இருந்த 63 வடிவங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து ஸ்டெப் வடிவத்தில் சேமித்தேன். அப்போதுதான் முக்கியமான ஒன்றைக் கண்டேன். ஸ்டெப் கோப்பில் பாகத்தின் உருவம் அச்சொட்டாக வரும். அதை வரைந்த படிமுறை வராது. பல் எண்ணிக்கை எது, எந்தத் துளை எந்த விளிம்பிலிருந்து அளக்கப்பட்டது, ஒன்றை மாற்றினால் எதெல்லாம் சேர்ந்து மாற வேண்டும் என்பதெல்லாம் அங்கேயே தங்கிவிடும். வார்த்த பொம்மை கைக்கு வரும், அச்சு வராது என்று சொன்னால் பொருந்தும். மாற்றம் தேவைப்படாத பாகங்களுக்கு அது போதும். அடிக்கடி அளவு மாற்றும் பாகங்களைப் புதிதாக வரைய வேண்டும்.

என்னைக் காப்பாற்றியது ஒரு சி.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட பெரிய குறிப்பேடு. லேத் வேலை கற்றுத்தந்த பெரியவர், எதை வெட்டினாலும் வேர்னியர் அளவுகோலால் அளந்து முதலில் கொப்பியில் எழுது என்று பழக்கியிருந்தார். கணினி வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. எண்ணெய்க் கறை படிந்த அந்தக் கொப்பியில் 63 இல் நாற்பதுக்கு மேற்பட்ட பாகங்களின் அளவுகள் இருந்தன. எழுதாதவற்றுக்கு, பார்க்க மட்டும் திறந்த கோப்புகளிலிருந்து அளவுகளைப் படித்து எழுதினேன். இதற்கு மூன்று வாரம் பிடித்தது.

ஃப்ரீகேட் எளிதாக வசப்படவில்லை. 2022 இல் இருந்த பதிப்பில், ஒரு பரப்பின் மேல் வரைந்த துளை, அடியில் ஓர் அளவை மாற்றியதும் வேறு பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். பரப்புகளுக்கு உள்ளே இடப்பட்ட இலக்கங்கள் மாறிவிடுவதே காரணம். பரப்பின் மேல் வரையாமல் அடிப்படைத் தளங்களின் மேலேயே வரைந்து பழகியதால் பெரும்பகுதி தப்பினேன். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் இந்தக் குறை பெருமளவு தீர்க்கப்பட்டிருக்கிறது; இன்று தொடங்குபவர் நான் பட்ட பாட்டில் பாதியும் படமாட்டார்.

வெட்டும் பாதை எழுதும் பகுதியில் இரண்டு இடங்களில் தடுக்கினேன். கருவியின் வேகத்தைக் குறிக்காமல் விட்டிருந்தேன். ஜிஆர்பிஎல் முதல் வெட்டு வரியிலேயே நின்று 22 ஆம் இலக்கப் பிழையைக் காட்டியது. வேகம் சொல்லப்படவில்லை என்பது அதன் பொருள். சரி என்று 300 எனத் தட்டினேன். அனுப்புவதற்கு முன் கோப்பைத் திறந்து பார்த்தபடியால் தப்பினேன், வரியில் 18000 என்று இருந்தது. ஃப்ரீகேட் இயல்பாக வேகத்தைச் செக்கனுக்கு மில்லிமீற்றராகவே எடுத்துக்கொள்ளும். விருப்பத்தேர்வுகளில் அலகு முறையைச் சிறு பாகங்களுக்கும் சிஎன்சிக்கும் (கணினி கட்டுப்படுத்தும் இயந்திரங்களுக்கும்) உரிய மெட்ரிக் முறைக்கு மாற்றினால்தான் நிமிடக் கணக்கு வரும். புதிதாக வருபவர்கள் வேறெதையும் தொடுவதற்கு முன் இதை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றத் தவறு என் கவனக்குறைவு: கருவி நகரும் பாதுகாப்பு உயரத்தைத் தகட்டிலிருந்து கணக்கிட்டேன், தகட்டைப் பிடித்திருந்த கிளாம்பின் உயரத்தைச் சேர்க்கவில்லை. ஜி0 திரும்பக் கிடைத்த முதல் நாளிலேயே, அந்த வேகத்தோடு கருவி கிளாம்பில் மோதி எண்ட்மில் எனப்படும் 6 மில்லிமீற்றர் வெட்டுக் கருவி இரண்டாக உடைந்தது. இப்போது எந்தப் புதிய கோப்பையும் முதலில் தகடு இல்லாமல், கருவியை 30 மில்லிமீற்றர் உயர்த்தி வைத்து, முழுவதும் காற்றில் ஓட்டிப் பார்க்கிறேன்.

காக்காவின் பற்சக்கரத்தை 2022 ஓகஸ்டில் வெட்டினேன். பல் எண்ணிக்கை, வெளிவிட்டம், அச்சுத் துளை, பல்லின் ஆழம் ஆகிய நான்கையும் ஃப்ரீகேட்டின் விரிதாளில் எழுதி, வரைவை அவற்றோடு இணைத்திருந்தேன். கரண்ட் வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் 48 பற்களும் முடிந்தன. அவர் சக்கரத்தைக் கையில் உருட்டி, ஒவ்வொரு பல்லாக நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது பழசை விட நல்லா இரிக்கி” என்றார். காசு வாங்க மறுத்தபோது, அடுத்த வாரம் ஒரு சாரனைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். பட்டைகள் இல்லாத துணி.

பியூஷனை நான் இன்னும் கணினியிலிருந்து அகற்றவில்லை. சிக்கலான வளைவுப் பரப்புகளை வரைவதில் அதற்கு நிகராக ஃப்ரீகேட்டில் எனக்கு இன்னும் கை வரவில்லை. அப்படிப்பட்ட பாகம் வந்தால் அதில் வரைந்து, அன்றே ஸ்டெப்பாக வெளியே எடுத்து, அளவுகளைக் கொப்பியில் எழுதிவிடுகிறேன். சென்ற மாதம் காக்கா தன் மருமகனின் தறிக்கென இன்னொரு சக்கரம் கேட்டார். அதற்கு 54 பல். கோப்பைத் திறந்து விரிதாளின் இரண்டு கட்டங்களில் எண்ணை மாற்றினேன், பற்கள் தாமாகவே புதிய வட்டத்தில் அடுக்கிக்கொண்டன. வரைவதற்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. இந்தத் தடவை தகடு கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்ததால், வேலை ஒன்பது நாள் காத்திருந்தது.