மூணாம் பே அண்ணனுக்குச் சேராத ஐந்நூறு

வண்டியை சர்வீஸ் விட்டு எடுக்கும்போது யாருக்காவது ஐம்பதோ நூறோ கொடுக்கணுமா என்று நண்பர்கள் என்னைத்தான் கேட்பார்கள். சென்னையில் ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், கஸ்டமரிடம் பேசி வண்டியை வாங்கித் திருப்பிக் கொடுக்கும் அட்வைசராக எட்டு வருஷம் இருந்தவன் நான். தாராளமாகக் கொடுங்கள் என்பேன். யார் கையில் கொடுக்கிறீர்கள் என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் செய்ய வேண்டிய வேலைகளை நான் ஜாப் கார்டில் எழுதிப் போட்டதும், வண்டியை நிறுத்தி வேலை பார்க்கும் 'பே' என்ற இடத்துக்கு அது போகும். லிஃப்டில் ஏற்றி, ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, நாலு வீலையும் கழற்றி பிரேக் பேடைப் பார்த்து, எலி கடித்த ஒயரைக் கண்டுபிடித்துச் சொல்பவர் டெக்னீஷியன். அப்புறம் ரோடு டெஸ்ட், வாட்டர் வாஷ். கடைசியில் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, கண்ணாடியை இன்னொரு தரம் மஞ்சள் துணியால் துடைத்துவிட்டு, சிரித்த முகமாகச் சாவியை நீட்டுகிறவன் டெலிவரிப் பையன். நூறு ரூபாய் அங்கேதான் கை மாறும். வேலை செய்தவர் அப்போது அடுத்த வண்டிக்கு அடியில் நின்றுகொண்டிருப்பார். கஸ்டமர் உட்காரும் ஏசி ரூமுக்குள் கிரீஸ் சட்டையோடு அவர் வரவும் கூடாது.

பையனுக்குக் கொடுப்பதில் எனக்கு வருத்தம் கிடையாது. வாஷிங்கில் ஆள் குறைந்தால் அவனும் அங்கேதான் நிற்பான். சாயங்காலம் விரலெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருக்கும்.

இப்போதைய பில்லில் லேபர் 2,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 360 ரூபாய் என்று பார்த்துவிட்டு, "இதுல டெக்னீஷியனுக்கும் ஒரு பங்கு போகுமில்ல?" என்பார்கள். எங்கள் இடத்தில் டெக்னீஷியனுக்கு மாதச் சம்பளம். டார்கெட்டைத் தாண்டினால் இன்சென்டிவ். ஐடிஐயில் ரெண்டு வருஷம் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு வந்தவர், தன் லேபர் பில்லில் எவ்வளவு போட்டார்கள் என்றே பல நாள் பார்த்திருக்க மாட்டார்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் யார்டில் நிற்க இடமில்லை. மூழ்கிய வண்டிகளை டோ செய்து கொண்டுவந்து வரிசையாக விட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீர் வடிந்ததும் 'ஸ்டார்ட் ஆகுதா பாப்போம்' என்று சாவியைத் திருகியவர்களின் வண்டியில், தண்ணீர் புகுந்த இன்ஜினுக்குள் கனெக்டிங் ராடே வளைந்திருந்தது. திருகாதவர்கள் தப்பித்தார்கள். எங்கள் மூணாம் பே டெக்னீஷியன் அண்ணன் அப்படித் தப்பித்த ஒரு வண்டியில் சீட், கார்ப்பெட் எல்லாம் பிரித்துக் காயப்போட்டார். பால் டீ மாதிரி வந்த ஆயிலை வடித்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றவைத்து, உள்ளே நின்ற தண்ணீரைப் பீய்ச்சியடிக்க வைத்தார். அவர் வீட்டிலேயே இடுப்பளவு தண்ணீர் நின்றிருந்த சமயம் அது.

டெலிவரி எடுக்க வந்த பெரியவர் என் கையில் ஐந்நூறு ரூபாயை வைத்து, "உள்ள வேல பாத்தவர்ட்ட குடுத்துடுங்க தம்பி" என்றார். சட்டைப் பையில் வைத்தேன். அன்றைக்கு இருந்த அலைச்சலில் ராத்திரி பெட்ரோல், பரோட்டா என்று அது கரைந்துவிட்டது. மூன்றாம் நாள் ஞாபகம் வந்தபோது பர்ஸில் எண்பது ரூபாய்தான் இருந்தது. சம்பளம் வரட்டும் என்று தள்ளினேன். சம்பளம் வந்த பிறகு, இத்தனை நாள் கழித்து என்ன சொல்லிக் கொடுப்பது என்று கூச்சம். அவர் வேறு வேலைக்குப் போகிறவரைக்கும் நான் கொடுக்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 'ஊழியர்களுக்கு டிப்ஸ் தர வேண்டாம்' என்று சுவரில் போர்டு மாட்டியிருந்தார்கள். சர்வீஸ் முடிந்த மூன்றாவது நாள் கஸ்டமருக்கு ஃபீட்பேக் கால் போகும். ஒரு அம்மா பாசமாக, "பையன் நல்லா பண்ணான், அவனா கேக்கல, நாந்தான் நூறு ரூபா குடுத்தேன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பையனுக்கு மெமோ. விளக்கக் கடிதத்தை எழுதித் தந்தது நான்தான். கொடுத்தால் கொடுத்ததோடு விட்டுவிடுங்கள், போனில் பாராட்ட வேண்டுமென்றால் வேலையைப் பாராட்டுங்கள். வேலை ஆரம்பிக்கும் முன்னாலேயே நீட்டுவதும் வேண்டாம். அதை வாங்கியவருக்கும் சங்கடம், பக்கத்து வண்டிக்காரருக்கும் நஷ்டம்.

வாரன்டி முடிந்த என் பழைய வண்டியை இப்போது தெருமுனை ஷெட்டில்தான் விடுகிறேன். அங்கே கதை வேறு. சர்வீஸ் சென்டரில் வாயைத் திறக்காமல் கட்டுகிறவர்களே ஷெட்டில் 700 ரூபாய் லேபருக்கு 500 தருகிறேன் என்று நிற்கிறார்கள். ஷெட் மெக்கானிக் கேட்டதைக் குறைக்காமல் கொடுத்தாலே டிப்ஸ் கொடுத்த மாதிரிதான்.

போன மாதம் பிரேக் பேட் மாற்றினார். லேபரோடு சேர்த்து இருநூறு கூடுதலாக நீட்டினேன். வாங்கவில்லை. "மொதல்ல ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க சார்" என்றார். போனேன். பிரேக்கை மிதித்தால் வண்டி லேசாக இடது பக்கம் இழுத்தது. திரும்பி வந்து சொன்னதும் சிரித்துக்கொண்டே ஜாக்கியை எடுத்தார். நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.