உச்சிக்குழி

மே 7

குடியாத்தத்திலிருந்து ஆம்புலன்ஸ் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது ராத்திரி பதினொன்று. தங்கச்சியின் பாப்பாவை நேராக ஐசியூவுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். மெனிஞ்சைட்டிஸ், அதாவது மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் கிருமி என்று சந்தேகப்படுகிறார்கள். தங்கச்சி வாயே திறக்கவில்லை.

மே 8

"உரம்தான் விழுந்திருக்கு, வெறும் சுளுக்கு" என்று அவள் மாமியார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தூக்கினால் வீறிடுகிறது, கீழே போட்டால் அடங்குகிறது. உரத்துக்கும் அப்படித்தானே அழும்? உரம் எடுக்கக் கூப்பிட்ட பாட்டி புடவையை விரிப்பதற்கு முன்னால் உச்சியில் கை வைத்துப் பார்த்தாராம். "உச்சி புடைச்சிருக்கு. இதை நான் தொட மாட்டேன், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றிருக்கிறார். பேதியில் நீர் வற்றினால் உச்சிக்குழி பள்ளமாகும். இது உப்பியிருந்தது. அந்தப் பாட்டிக்கு ஒரு நல்ல புடவை எடுத்துத் தரவேண்டும்.

இந்த நோயில் கழுத்து விறைக்கும் என்பார்களே, பாப்பாவுக்கு நன்றாகத்தானே வளைகிறது என்று டூட்டி டாக்டரம்மாவிடம் கேட்டேன். "கைக்குழந்தைக்குக் கழுத்தை நம்பாதீங்க. பல குழந்தைகளுக்கு விறைப்பே வராது" என்றார். பால் குடிக்காது, எழுப்பினாலும் சரியாக முழிக்காது, அழுகைச் சத்தம் கீச்சென்று மாறும், வலிப்பும் வரலாம். பிறந்து சில நாளே ஆன குழந்தையென்றால் காய்ச்சலுக்குப் பதில் உடம்பு சில்லிட்டும் போகுமாம்.

சில்லிட்டுப் போவது என்பதைக் கேட்டதிலிருந்து கை நடுங்குகிறது.

மே 9

சோதனைக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கால் விளங்காமல் போய்விடும் என்று யாரோ கிளப்பிவிட, மாப்பிள்ளை கையெழுத்துப் போடத் தயங்கினார். டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார்: தண்டுவடம் மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி அதற்குக் கீழே. மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார்.

தெளிவாக வரவேண்டிய நீர் கலங்கலாக வந்ததாம். சர்க்கரை குறைவு, வெள்ளணுக்கள் அதிகம். பாக்டீரியா. நல்லவேளை, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் வந்த ராத்திரியே மருந்தை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.

மே 10

கத்திரி வெயில். சாப்பிடவில்லை.

மே 11

குளிக்க சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்தேன். பெரியவன் தலை வலிக்கிறது என்றான். அவ்வளவுதான், என் வயிறு கலங்கிவிட்டது. தாடையை நெஞ்சில் வை என்றேன். வைத்தான். ட்யூப்லைட்டைப் போட்டேன், கண் கூசவில்லை. கையில் சிவப்பாக இருந்த இடத்தில் கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினேன், மறைந்தது. கொசுக்கடி. மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள்தான் ஆபத்து. நம் நிறத்தில் சட்டென்று தெரியாது, உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எல்லாம் பார்த்தேன். "அம்மா, செல் பார்த்துப் பார்த்து வந்த தலைவலிம்மா" என்று கத்தினான்.

நடுராத்திரி எழுப்பி ஊர், பேர் கேட்டேன். திட்டினான். தெளிவாகத் திட்டினான், அது போதும்.

மே 13

வெயிட்டிங் ஹாலில் ஆம்பூர் அக்கா ஒருத்தர். கணவர் ஷூ கம்பெனியில் வேலை. வாரக்கணக்கில் லேசான தலைவலி, சாயந்திரக் காய்ச்சல், உடம்பு இளைப்பு, எரிச்சல். வேலை டென்ஷன் என்று விட்டிருக்கிறார்கள். எதுவும் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று அவர் சொன்ன பிறகுதான் வந்தார்களாம். டிபியாம். மூளைச்சவ்வில். நம் பாப்பாவுக்கு ஒரே நாளில் வந்தது இவருக்கு இப்படி நகர்ந்து நகர்ந்து வந்திருக்கிறது.

மே 14

ஊரிலிருந்து போன் மேல் போன். "கொசுவா? பன்னியா?" வடாற்காட்டுக்காரர்களுக்கு அந்தப் பயம் பழசு. 1955-இல் ஜப்பானிய மூளைக்காய்ச்சலை இந்தியாவிலேயே முதலில் கண்டறிந்தது இங்கேதான். அது வைரஸ், வயல்வெளிக் கொசு பரப்புவது. இது வேறு என்று எத்தனை பேருக்குச் சொல்வது?

மே 16

பாலாடையில் பால் குடித்தாள்! உச்சி சமமாக இருக்கிறது. மாமியார் தொட்டுப் பார்த்தார், நான் பார்த்தேன், மறுபடியும் அவர் பார்த்தார். நர்ஸ் அதட்டினார். ஊசி மருந்து முழுசாக ஏறவேண்டும், போவதற்கு முன்னால் காது கேட்கும் டெஸ்ட் கட்டாயம். இந்த நோய் காதைத்தான் குறிவைக்குமாம். சாவிக்கொத்தை ஆட்டினேன். திரும்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

மே 18

அப்பா காலையிலிருந்து அம்மா எங்கே, எங்கே என்று கேட்கிறார். அம்மா போய் வருஷங்கள் ஆகின்றன. ஜுரம் 99-தான். கழுத்தைப் பார்த்துப் பயனில்லை, எலும்புத் தேய்மானம், அவருக்கு எப்போதுமே விறைப்புதான். வயசானவர்களுக்குக் காய்ச்சல் பெரிதாகத் தெரியாமல் வெறும் தடுமாற்றமாகவே இது வரும் என்று டாக்டரம்மா சொன்னது காதிலேயே நிற்கிறது. மூத்திரத்தில் கிருமி இருந்தாலும் இப்படி உளறுவார்கள் என்றும் சொன்னார். அதுவாக இருக்கட்டும்.

"வயசானா அப்படித்தான் அக்கா" என்கிறான் தம்பி. நேற்று தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்த மனுஷனுக்கு ஒரே ராத்திரியிலா வயசாகும்?

மே 18, மாலை

இரண்டு தடவை வாந்தி. தம்பி ஆட்டோ பிடிக்கப் போயிருக்கிறான். அப்பாவின் பழைய மருந்துச் சீட்டெல்லாம் எந்தப் பையில்