‘நல்லா இருக்கு’ என்று சொன்னவர்கள்

வேதாகம மொழிபெயர்ப்புக் குழுவில் இருக்கிறேன் என்றால், நான்தான் மொழிபெயர்க்கிறேன் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். என் வேலை கேள்வி கேட்பது. அந்த மொழியைப் பிறந்ததிலிருந்து பேசுகிறவர்கள் ஓர் அதிகாரத்தை எழுதி முடித்ததும், அதை அதுவரை கேட்டிராத ஒருவரைத் தேடிப் பிடிப்போம். சக ஊழியர் வாசித்துக் காட்டுவார். அப்புறம் நான் கேட்பேன்: யார் வந்தது, ஏன் கோபப்பட்டார், பிறகு என்ன ஆனது? பதிலைச் சக ஊழியர் எனக்குச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்ல, நான் எழுதிக்கொள்வேன். பதில் பிசகினால் குற்றம் வாசிப்பைக் கேட்டவருடையது அல்ல, எங்கள் வாக்கியத்தினுடையது. வாக்கியத்தைத் திருத்திவிட்டு வேறொருவரிடம் போவோம்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் ‘நல்லா இருக்கு’ என்று யாராவது சொன்னால் மகிழ்ந்துபோவேன். இப்போது அதைக் கேட்டாலே பயம்.

காரணம் ஒரு பாட்டி. அவர் பேசும் மொழியில் மொழிபெயர்ப்பு தேவையா என்று பார்ப்பதற்காகப் போயிருந்தோம். பல வருஷமாகப் பக்கத்துப் பெரிய மொழியில் நடக்கும் ஆராதனைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அந்தப் பெரிய மொழியில் விலை பேசுவார், வழி கேட்பார். சரி, அதிலேயே லூக்கா சுவிசேஷத்தின் 15-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பார்ப்போம் என்று, சொத்தையெல்லாம் அழித்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பி வரும் இளைய குமாரன் கதையை வாசித்தோம்.

“எப்படி இருந்தது பாட்டி?”

“நல்லா இருக்கு.”

“சின்ன மகன் ஏன் வீட்டைவிட்டுப் போனான்?”

“கடவுள் வார்த்தை இல்லையா, நல்லாத்தான் இருக்கும்.”

இன்னும் இரண்டு கேள்வி கேட்டோம். அதே பதில். பாட்டி மழுப்பவில்லை. அந்த வார்த்தைகள்மேல் அவருக்கு உண்மையான மரியாதை இருந்தது. அந்த மரியாதையைத் தாண்டி உள்ளே போக வழிதான் இல்லை.

“அவர்களுக்குத்தான் பெரிய மொழி தெரியுமே, கொஞ்சம் பேருக்காக இவ்வளவு உழைப்பு எதற்கு?” என்று என்னைக் கேட்காத ஆளில்லை. கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் சந்தைக்குப் போதுமான மொழி சாவு வீட்டுக்குப் போதாது. ஒரு மொழியில் கணக்குப் பார்க்கத் தெரிவதும், அதில் வாதாட, அழ, மன்னிப்புக் கேட்கத் தெரிவதும் ஒன்றல்ல. வேதாகமத்தில் நெகேமியா புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்தில் வேதபாரகன் எஸ்றா மோசேயின் நியாயப்பிரமாணத்தை வாசிக்க, ஆலய ஊழியர்களான லேவியர்கள் அதன் பொருளை ஜனங்களுக்கு விளங்கவைக்கிறார்கள். விளங்கியதும் ஜனங்கள் அழுகிறார்கள். நான் தேடுவதும் அதைத்தான். புரிந்தால் முகத்தில் ஏதாவது நடக்கும்.

தமிழில் வேதாகமத்தை வைத்திருக்கிற நமக்கு இந்தக் குறை தெரியாது. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அதன் பிறகு எத்தனையோ பேர் திருத்தினார்கள், மறுபடி மொழிபெயர்த்தார்கள். முந்நூறு வருஷமாக நமக்கு இருக்கிறது. உலகில் ஏறக்குறைய 7,000 மொழிகள் பேசப்படுகின்றன. முழு வேதாகமம் இருப்பது 700-க்குச் சற்று அதிகமான மொழிகளில்தான். இன்னும் பல மொழிகளில் புதிய ஏற்பாடு மட்டும் உண்டு, சிலவற்றில் ஒரு சுவிசேஷம் மட்டும். சைகை மொழி ஒன்றில் முழு வேதாகமம் முதன்முதலாக முடிந்ததே 2020-இல்தான், அமெரிக்கச் சைகை மொழியில். காது கேளாதவர்களுக்கு எழுத்து இருக்கிறதே என்று அத்தனை காலமும் இருந்துவிட்டோம். எழுத்து அவர்களுக்கு இரண்டாம் மொழி என்பதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

வேலை மெதுவாகத்தான் போகும். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். அதற்குப் பத்து, பதினைந்து வருஷம் ஆவது சாதாரணம். எழுத்தே இல்லாத மொழி என்றால் முதலில் எழுத்துமுறை வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஒலிப்பதிவு வேண்டும். இதையெல்லாம் முன்பே தெரிந்துகொண்டுதான் வந்தேன். ஒரு சின்னச் சொல் இரண்டு நாளை விழுங்கும் என்பது மட்டும் தெரியாது.

மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் இயேசுவின் சீஷர்களான பேதுருவும் அந்திரேயாவும் வருகிறார்கள். மூலமொழியான கிரேக்கத்தில் ‘சகோதரன்’ என்றுதான் இருக்கிறது. தமிழில் அப்படியே ‘சகோதரன்’ என்று போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். குழு மொழிபெயர்க்கும் மொழியில் அப்படிப் பொதுவான சொல் கிடையாது. அண்ணன் அல்லது தம்பி. யார் மூத்தவர் என்று வேதாகமம் எங்கேயும் சொல்லவில்லை. குழுவில் இருந்த இளைஞர் ஒருவர் நான்கு சுவிசேஷங்களையும் புரட்டினார். கடைசியில், பெரும்பாலும் பேதுருவின் பெயர்தான் முதலில் வருகிறது என்பதால் அவரை அண்ணனாக வைத்தார்கள். “தப்பா இருந்தா அந்திரேயா மன்னிக்கணும்” என்றார் அந்த இளைஞர். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் ஜெபத்திலும் அதைச் சொன்னார்.

இன்னொன்று மாற்கு 4. புயலில் படகு தத்தளிக்க, சீஷர்கள் இயேசுவை எழுப்புகிறார்கள். தமிழ் வேதாகமத்தில் “நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா” என்று இருக்கிறது. சின்ன வயதிலிருந்து கேட்ட வசனம், ஒருநாளும் அந்த ‘நாங்கள்’ மேல் என் கண் நின்றதில்லை. கிரேக்கத்தில் நாம், நாங்கள் என்ற வித்தியாசம் இல்லை. இவர்கள் மொழியில் நம்மைப் போலவே உண்டு. ‘நாம்’ என்றால் இயேசுவும் சேர்ந்து மூழ்குகிறார். ‘நாங்கள்’ என்றால் அவர் மூழ்கமாட்டார், நாங்கள்தான் மூழ்குவோம் என்று சீஷர்கள் நினைத்ததாக ஆகும். ஓர் எழுத்து வித்தியாசத்தில் அவர்களுடைய விசுவாசமே மாறிவிடுகிறது. குழு ஒரு மத்தியானம் முழுக்கப் பேசியது. என் சொந்த மொழியில் யாரோ ஒருவர் எனக்காக இதே போல் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று அன்றுதான் உறைத்தது.

அந்தப் பாட்டியிடம் மறுபடி போனது இரண்டரை வருஷம் கழித்து. இந்த முறை லூக்கா 15 அவருடைய சொந்த மொழியில். வாசிக்கத் தொடங்கி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கையை நீட்டி நிறுத்தினார்.

“அப்பன் உயிரோட இருக்கும்போதேவா பங்கு கேட்டான்?”

ஆமாம் என்றதும், பையனைத் திட்டிவிட்டு மேலே வாசிக்கச் சொன்னார். மகன் திரும்பி வந்த இடத்தில் ஒன்றும் பேசவில்லை. தம்பிக்கு விருந்து வைத்ததற்கு மூத்தவன் கோபப்பட்டு வெளியே நின்ற இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவன் சொல்றது நியாயம்தானே! இத்தனை வருஷம் உழைச்சவன் அவன்தானே!” என்று என் சக ஊழியரிடம் சண்டைக்கே போய்விட்டார். தகப்பன் வெளியே வந்து மூத்தவனையும் வருந்தி அழைக்கிறார் என்று வந்ததும், அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். என் நோட்டில் நாலு பக்கம் நிறைந்தது. ‘நல்லா இருக்கு’ என்று ஒரு இடத்திலும் இல்லை.

“கடைசியில அவன் உள்ள போனானா இல்லையா?”

“அதுக்கு மேல எழுதலை பாட்டி. கதை அங்கேயே முடிஞ்சிடுது.”

அவர் நம்பவில்லை. மறுநாள் காலையில் நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோது தேடி வந்தார். மிச்சத்தையும் இராத்திரியே எழுதி முடித்துவிட்டோமா என்று கேட்டார்.