ஆயிரத்து அறுநூறு அங்குலம்

தெருமுனைத் தையல்கார அக்கா, ரவிக்கை வெட்டியபின் மிஞ்சும் துண்டுகளை மூட்டை கட்டிக் குப்பையில் போடுவார். கேட்டு வாங்கிச் சேர்த்ததில் இரண்டு மாதத்தில் ஓர் அரிசிப்பை நிறைந்துவிட்டது.

ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைக்க, எல்லாவற்றையும் இரண்டரை அங்குல அகலப் பட்டைகளாக வெட்டினேன். நீளம் சாணோ முழமோ, கவலையில்லை. பருத்தி மட்டும்தான். (இஸ்திரிப் பெட்டியில் ஒரு பாலியஸ்டர் துண்டு உருகி ஒட்டிய பிறகு வந்த ஞானம்.)

நுனியோடு நுனி தைத்து 1,600 அங்குலத்தில் ஒரே நாடா. அதைப் பாதியாக மடித்து, நீளவாக்கில் ஓரம் தைத்து, கடைசி மடிப்பை வெட்டினால் இரண்டு வரிசை. மறுபடி மடித்துத் தைத்தால் நான்கு. ஐந்தாவது முறையில் 32 வரிசை. அகலம் 50 அங்குலம், தையலுக்குப் போக உயரம் 64. எந்த நிறம் எதனருகே வரும் என்பது நம் கையில் இல்லை. மாம்பழ மஞ்சளுக்குக் கீழே கத்தரிப்பூ நிறம் வந்து உட்கார்ந்திருக்கிறது. நானாக இருந்தால் அந்த இரண்டையும் சேர்த்தே இருக்க மாட்டேன்.

முதல் தையல்தான் பாடாய்ப் படுத்தியது. 800 அங்குலம்! நடுவில் பாபின் நூல் தீர்ந்தது. நாடா முறுக்கியிருப்பதைக் கடைசியில்தான் பார்த்தேன், அழுகையே வந்துவிட்டது. மடிப்பை வெட்டியதும் முறுக்கு தானாக அவிழ்ந்துகொண்டது.

உள்ளே அப்பாவின் பழைய வேட்டி இரண்டு, அடியில் அம்மாவின் சுங்குடிச் சேலை.

நேற்று அக்கா வந்து போர்வையைத் தடவிப் பார்த்தார். பச்சைத் துண்டு ஒன்றில் விரல் நின்றது. "இந்த ரவிக்கையை மூன்று முறை பிரித்துத் தைத்தேன், இன்னும் கூலி வரவில்லை" என்றார்.