உறைநிலை 1500 மீட்டர்

டயர் கடைக்காரர் என் காரை ஒருமுறை சுற்றி வந்தார். குனிந்து டயரின் பள்ளத்தில் ஒரு சிறு அளவுகோலைச் செருகிப் பார்த்தார். பிறகு, "எந்த ஊர் நீங்கள்?" என்றார். இந்தியா, அதிலும் தெற்குக் கோடி என்றேன். "ஓ, அப்படியானால் மலைச்சாலை உங்களுக்குப் புதிது" என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டுக் குளிர்கால டயர்களின் விலையைச் சொன்னார். விலையைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தீர்ப்பைத்தான் இன்றுவரை செரிக்க முடியவில்லை. சேலத்துக்காரனுக்கு மலைச்சாலை புதிதாம்! கோரிமேடு தாண்டி, அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் டிரைவருக்குப் பின்சீட்டில் இருந்து உரக்க எண்ணியபடி, மூக்கில் எலுமிச்சம்பழத்தை அழுத்திக்கொண்டு ஏற்காடு ஏறிய பரம்பரை ஐயா இது!

டயர் விஷயத்தில் சட்டம் அவர் பக்கம். நான் இருக்கும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அக்டோபர் 1 முதல் மலைப்பாதைகளில் குளிர்கால டயர் கட்டாயம். பள்ளம் 3.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் போலீஸ்காரர் வழியிலேயே திருப்பி அனுப்பலாம். வாங்கி மாட்டிக்கொண்டேன்.

ஊரில் வானிலை அறிக்கை கேட்பதற்குக் காரணம் ஒன்றுதான் இருந்தது: பள்ளிக்கு விடுமுறை விடுவார்களா? ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவானால் தொலைக்காட்சிக்குக் கீழே மாவட்டப் பெயர்கள் ஓடும். கடலூர், நாகப்பட்டினம், திருவாரூர் என்று வரிசையாக வரும். சேலம் வரவே வராது. எங்களுக்கு வாய்த்ததெல்லாம் 'உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசான மழை'. நனைந்துகொண்டே பள்ளிக்குப் போவதற்கு மட்டும் போதுமான மழை. கடலோரத்துப் பிள்ளைகள் மேல் எனக்கு இருந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல. இப்போது நானே கடலோரத்தில்தான் இருக்கிறேன், வான்கூவரை ஒட்டிய பர்னபியில். விடுமுறை விட இங்கே கலெக்டர் கிடையாது. பள்ளி நிர்வாகம் விடியற்காலையில் அறிவிக்கும். மகன் எனக்கு முன்னால் எழுந்து போனைப் பார்ப்பது அந்த நாள்களில் மட்டும்தான்.

இலையுதிர் காலத்தின் கடைசியில் இங்கே வானிலை முன்னறிவிப்பின் பேச்சே மாறிவிடுகிறது. எத்தனை டிகிரி என்பதைவிட எத்தனை மீட்டர் என்பதுதான் முக்கியம். பசிபிக் கடலில் இருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஈரக் காற்று வந்து மலைகளில் மோதும். கொட்டுவது மழையா பனியா என்பதைத் தீர்மானிப்பது உறைநிலை உயரம், அதாவது காற்று பூஜ்ஜியம் டிகிரியைத் தொடும் உயரம். விழும் பனி உடனே கரைந்துவிடாது. அந்தக் கோட்டுக்கு இருநூறு முந்நூறு மீட்டர் கீழேயும் பனியாகவே வந்து சேரும். மேகம் விலகிய மறுநாள் வடக்கே பார்த்தால் மலைத்தொடர் முழுக்க ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல ஒரு கோடு தெரியும். கோட்டுக்கு மேலே வெள்ளை, கீழே கரும்பச்சை.

டயர் மாட்டிய அன்று மாலை வானொலியில் சொன்னார்கள்: உறைநிலை இரவுக்குள் 1500 மீட்டருக்கு இறங்கும். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. நான் அசையாமல் நின்றேன். 1500 மீட்டர் என்றால் ஏற்காடு. கிட்டத்தட்ட ஏரிக்கரை!

அன்று தொற்றிக்கொண்ட பழக்கம் விடவில்லை. எந்த எண் சொன்னாலும் அதைக் கொண்டுபோய் எங்கள் மலைப்பாதையில் வைத்துப் பார்க்கிறேன். சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,515. இடையில் இருபது வளைவுகள். 900 மீட்டர் என்றால் பாதி மலை: பஸ் பத்தாவது வளைவை நெருங்கும்போது வைப்பர் வழிப்பது மழையா பனியா என்று தெரியாத இடம். காலையில் 1200, மாலையில் 700 என்றால் பனி வளைவு வளைவாகக் கீழே இறங்கி வருகிறது. மேலே காப்பிச் செடி, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, லேடிஸ் சீட்டில் வறுத்த கடலை விற்பவரின் வண்டி எல்லாம் வெள்ளையாகிவிட்டன. கீழே சேலம் அஸ்தம்பட்டியில் மட்டும் வெறும் தூறல். மனைவி இதைப் பைத்தியம் என்கிறாள். நாமக்கல்காரிக்குக் கொல்லிமலை இருக்கிறது, எழுபது வளைவுகள். வேண்டுமானால் அவளும் விளையாடிக்கொள்ளலாம்.

இந்த விளையாட்டில் ஒரு பழிவாங்கலும் கிடைத்தது. லாரிக்காரர்கள் டயரில் சங்கிலி கட்டிக்கொண்டு ஏறும், இங்கே எல்லோரும் பயபக்தியோடு பேசும் கோக்கிஹல்லா கணவாயின் உச்சி 1,244 மீட்டர்தான். ஏற்காட்டைவிடக் குட்டை! நாங்கள் அரைக்கைச் சட்டையும் ஒரு குரங்குக் குல்லாவுமாகப் போய் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வந்த உயரம் அது. டயர் கடைக்காரரிடம் போய்ச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் நியாயமாகப் பார்த்தால் உயரம் பாதிக் கணக்குதான். தமிழ்நாட்டின் தலைக்கு மேலே உறைநிலை ஆண்டு முழுவதும் 5,000 மீட்டரை ஒட்டியே நிற்கிறது. தொட்டபெட்டாவே 2,637தான். ஊட்டிப் புல்வெளியில் காலையில் வெளுத்துக் கிடக்கும் உறைபனி தெளிந்த இரவில் தரை சூட்டை இழப்பதால் படிவது, வானத்தில் இருந்து விழுவது அல்ல.

இங்கே அந்தக் கோடு இறங்குவதைவிட ஏறும்போதுதான் பயம். ஹவாய்ப் பக்கத்தில் இருந்து வெதுவெதுப்பான ஈரக் காற்று ஆறு போல நீண்டு வரும். அப்போது கோடு எங்கோ உயரத்துக்குப் போய்விடும். மலைமேல் பனியாக நிற்க வேண்டியது மழையாகக் கொட்டும், ஏற்கெனவே கிடந்த பனியையும் கரைத்துக்கொண்டு வரும். 2021 நவம்பரில் அப்படித்தான் கோக்கிஹல்லா சாலையின் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. வான்கூவருக்கும் கனடாவின் மற்றப் பகுதிகளுக்கும் இடையே சாலைத் தொடர்பே அறுந்தது. கோக்கிஹல்லாவில் சரக்கு லாரிகள் மீண்டும் ஓட ஐந்து வாரம் ஆனது. அபட்ஸ்ஃபோர்டில் நூறு ஆண்டுக்கு முன் வடித்து வயலாக்கிய சூமாஸ் ஏரி மறுபடி ஏரியாகவே நின்றது. தன் இடம் தண்ணீருக்கு மறப்பதில்லை என்று சேலத்தில் ஏரிமேல் எழுந்த நகர்களில் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையில் எங்கள் ஏற்காடு மலைப்பாதையும் மண் சரிந்து மூடிக் கிடந்தது. அந்த வாரம் நான் இரண்டு நாட்டு மலைச்சாலை நிலவரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றபடி பழகிவிட்டது. குடை பிடிப்பதை விட்டுவிட்டேன், இங்கே பாதிப் பேர் பிடிப்பதில்லை. பிற்பகலிலேயே விளக்குப் போடுவதும் உறுத்துவதில்லை. உள்நாட்டில் இருந்து ஃபிரேசர் பள்ளத்தாக்கு வழியாக வறண்ட குளிர்காற்று கடலை நோக்கிப் பாயும் நாள்களில் காதை எப்படி மூடுவது என்று புதிதாக வருகிறவர்களுக்கு நானே பாடம் நடத்துகிறேன்.

ஆனால் மேகம் தாழ்ந்து மலையை மறைத்தால் மனம் பெரியப்பாவின் காப்பிக் களத்துக்குப் போய்விடுகிறது. எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவராக இருந்தவர் அவர். நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கும், மழையும் அதே நேரம் பார்த்துத்தான் வரும். சிமென்டுக் களத்தில் சிவப்பும் கறுப்புமாகப் பழம் காய்ந்துகொண்டிருக்கும். புளித்த வெல்லம் மாதிரி ஒரு வாடை வீசும். அவர் வானத்தைப் பார்க்க மாட்டார், சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியைத்தான் பார்ப்பார். அது மறைந்தால் "தார்ப்பாய்!" என்று ஒரே குரல். சித்தாள்கள், நாங்கள், விருந்தாளிகள் என்று எல்லோரும் பலகையை எடுத்துக் குவிக்க ஓட வேண்டும். ஈரமான கைகளைக் கால்சட்டையில் துடைத்தால் கறை போகாது, அதற்கும் தனியாக அடி விழும்.

இப்போது ஓய்வில் இருக்கிறார். காலையில் போன் செய்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே, "இன்றைக்கு எத்தனை மீட்டர் கண்ணு?" என்கிறார். போன வாரம் நானூறு என்றேன்.

"நானூறா! அப்படியென்றால் அடிவாரத்திலேயே பஸ்ஸை நிறுத்திவிடுவான். அந்தப் பனியில் காப்பி பிழைக்குமா?"

"காப்பி எங்கே பெரியப்பா, ஒன்றும் விளையாது."

"பிறகு அவ்வளவு பெரிய மலையை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறார்கள்?"

காலில் பலகையைக் கட்டிக்கொண்டு சறுக்குவார்கள், அதற்கு டிக்கெட் உண்டு, ஒரு நாளைக்கு நம் ஊர்ப் பணத்தில் பல ஆயிரம் ஆகும் என்று விளக்கினேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு பெரியம்மாவிடம் அதை அப்படியே சொல்வது எனக்குக் கேட்டது. பெரியம்மா கேட்டதும் கேட்டது: "ஏறுவதற்குப் பணம் வாங்கினால் சரி. விழுவதற்கும் வாங்குகிறார்களா?"